கம்பார் வழியில் மீன்குஞ்சும் நத்தையும்

ஈப்போவிலிருந்து தெற்கு நோக்கி நெடுஞ்சாலையில் பறந்து போகிறவர்களுக்குக் கம்பார் வெறும் பெயர்ப்பலகைதான். கோப்பேங், கம்பார், தாப்பா என்று பழைய சாலையில் மெதுவாகப் போனால்தான் அந்தப் பக்கத்தின் முகம் தெரியும். ஒரு புறம் மலைத்தொடர். மறுபுறம் வெள்ளை மணல் மேடுகள், அவற்றிடையே கண்ணாடி போல் கிடக்கும் குட்டைகள். எல்லாம் ஈயம் எடுத்த பள்ளங்கள். 1985-இல் ஈய விலை விழுந்ததும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. தண்ணீர் மட்டும் தங்கிவிட்டது. இன்று அந்தப் பக்கங்களில் மீன் வளர்க்கிறார்கள். கறிக்கு ஆகும் மீனும் உண்டு, வீட்டுத் தொட்டிக்குப் போகும் அழகு மீனும் உண்டு.

அப்படி ஒரு சிறு பண்ணைக்குள் போயிருந்தேன். தகரக் கூரையின் கீழ் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். தவுக்கே சீனர். குஞ்சுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவரோ நம் தமிழ் அக்கா ஒருவர். பல காலம் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஊசிமுனை அளவு கப்பிக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் அசைந்துகொண்டிருந்தன. சுவரிலே நத்தைகள்.

நம் வீடுகளிலும் பிள்ளைகள் கப்பி வளர்க்கிறார்கள். குஞ்சு விற்று நாலு வெள்ளி பார்ப்பவர்களும் உண்டு. நத்தை பெருகியதும் கடைக்கு ஓடி மருந்து வாங்கி ஊற்றுகிறோம். மறுநாள் நத்தையோடு குஞ்சும் செத்து மிதக்கும்.

"தம்பி, நத்தை எங்கேருந்தும் பறந்து வரல. செடியில ஒட்டிக்கிட்டு வருது, மிச்சத் தீனிய தின்னுட்டுப் பெருகுது. தீனிய யாரு போட்டா? நாமதானே!" என்றார் அக்கா.

இதற்கு மேல் விஞ்ஞானம் வேண்டியதில்லை என்று தோன்றியது. ஆனாலும் காரணம் தெரிந்துகொள்வது நல்லது. நத்தை மருந்துகளில் பெரும்பாலும் செம்புச் சத்து இருக்கும். பெரிய மீன் தாங்கும் அளவைக் குஞ்சு தாங்காது. மலையிலிருந்து வரும் மென்னீரில் அதன் நஞ்சு இன்னும் கடுமை. அதோடு, நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே இரவில் செத்து அழுகினால் தண்ணீரே விஷமாகிவிடும். மருந்துக்குத் தப்பிய குஞ்சு இதற்குத் தப்பாது.

உயிருள்ள குஞ்சை இந்தச் சிறு நத்தைகள் தின்பதில்லை. முட்டையிடும் மீன்களின் முட்டையைச் சில வகை மேய்வதுண்டு. கப்பியோ குஞ்சாகவே ஈனுவது. ஆகவே பயந்து நடுங்க வேண்டாம், கட்டுக்குள் வைத்தால் போதும்.

மாலையில் அக்கா செய்ததைச் சொல்கிறேன். வெந்நீரில் ஒரு முறை முக்கியெடுத்த சாலாட் இலையை ஒரு சிறு தட்டில் கல் வைத்து அமுக்கித் தொட்டியின் அடியில் இறக்கினார். காலையில் தட்டு நிறைய நத்தை, அப்படியே தூக்கிவிட்டார். பல நாள் விடாமல் இப்படிச் செய்ய வேண்டும். வெள்ளரித் துண்டும் ஆகும். அழுக்கை உறிஞ்சும் குழாயின் வாயில் பழைய காலுறைத் துணியைக் கட்டியிருந்தார், குஞ்சு உள்ளே போகாதிருக்க. இலையின் அடியில் கூழ்க்கட்டி போல் ஒட்டியிருக்கும் முட்டையை விரலால் வழித்தெடுப்பார். தீனி சிறிது சிறிதாக, நாளில் நான்கு முறை; சில நிமிடத்தில் தின்று தீராதது மிச்சம்தான்.

புதுச் செடியை நேரே தொட்டியில் போடுவதில்லை. படிகாரம் கரைத்த தனி வாளியில் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகே போடுகிறார். படிகாரத் தண்ணீர் மீன் தொட்டிக்குள் போகக்கூடாது.

நத்தை தின்னும் கோமாளி லோச் மீனை வாங்கி விடச் சொல்பவர்கள் உண்டு. சுமாத்திரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்த அழகான மீன்தான். ஆனால் ஓர் அடி வரை வளரும். நத்தையோடு நம் குஞ்சையும் விழுங்கிவிடும். குஞ்சுத் தொட்டிக்கு அது வேண்டாம்.

மணலுக்குள் ஒளியும் கூம்பு நத்தை ஒன்று உண்டு. மேல்நாட்டில் மீன் வளர்ப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'மலேசிய எக்காள நத்தை'! நாட்டின் பெயர் எதிலெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது பாருங்கள். பகலில் புதைந்திருந்து இரவில் வெளிவரும். முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும். ஆண் துணைகூடத் தேவையில்லை, ஒன்று போதும். வாசலை மூடிக்கொள்ளும் தகடு இருப்பதால் மருந்துக்கும் எளிதில் மசியாது. இரவுத் தட்டுதான் இதற்கும் வழி. தொட்டி காலியாகும்போது அக்கா மணலை வாரி வெயிலில் காயப்போடுகிறார்.

பிடித்த நத்தையை லோங்காங்கில் கொட்ட அவர் விடுவதில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த தங்க நத்தை இப்படி வெளியே தப்பியதால்தானே நம் நெல்வயல்களில் இன்று ரோஜா நிற முட்டைகள்! அக்கா நத்தைகளை வெந்நீரில் போட்டு, நசுக்கி, பண்ணைக்குப் பின்னால் நிற்கும் வாத்துகளுக்குப் போடுகிறார். வாளிச் சத்தம் கேட்டாலே அவை ஓடி வருகின்றன.