கொல்லையில் கிடந்த கல்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். "சார், பாப்பா காலேஜ்ல ஜியாலஜி சேர்ந்திருக்கு. ஒண்ணுமே புரியல, வேற பாடம் மாத்திக்கிறேன்னு அழுவுது. நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்" என்றான்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த இடைநிலை ஆசிரியர். எட்டாம் வகுப்பைத் தாண்டிப் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் மறுக்க முடியவில்லை. காரணம் இருக்கிறது.

1989. ஏழாம் வகுப்பு, பாறைகள் பாடம். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்றையும் ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இவன் டவுசர் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினான். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வரிவரியாகச் சுருண்ட கல். "எங்க கொல்லையில ஏர் ஓட்டும்போது கெடச்சுது. இது எந்தப் பாறை சார்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "பாடத்தைக் கவனிக்காம கல்லு பொறுக்கிட்டு வர்றியா?" என்று கையில் ஓர் அடி போட்டு, கல்லை வெளியே எறியச் சொன்னேன். எட்டாவதோடு அவன் படிப்பை விட்டுவிட்டான்.

ஓய்வுபெற்ற பிறகு வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குள் அதே மாதிரி கல். அம்மோனைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான கடல் உயிரி. டைனோசர்கள் அழிந்த காலத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதுவும் அழிந்துபோனது. அவன் கொல்லை ஒரு காலத்தில் கடலடியாக இருந்திருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணிடம் பேசினேன். சொன்னது இவ்வளவுதான்.

முதலில் காலம். பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். அதை ஒரே வருஷமாகச் சுருக்கினால், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூரில் கடல் இருந்தது டிசம்பர் 24 வாக்கில். நம் மனித இனம் வந்தது டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு.

அடுத்து அடுக்கு. வீட்டில் சேர்த்துவைக்கும் பழைய பேப்பர் கட்டில் அடியில் இருப்பதுதான் பழையது. கலையாத படிவுப்பாறையிலும் அப்படித்தான்.

பிறகு கனிமமும் பாறையும். கடலை உருண்டை பாறை என்றால், கடலையும் வெல்லமும் கனிமங்கள். கிரானைட்டை உற்றுப் பார்த்தால் குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா தனித்தனியாகத் தெரியும்.

கடைசியாக, அப்பா ஓட்டும் லாரி. அதிலிருப்பது அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் படிந்து இறுகிய கல். அதன் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். அதனால்தான் சிமெண்ட் ஆலைகள் அங்கே வந்தன.

"புத்தகத்துல இருக்கிற பேரெல்லாம் எங்க ஊர்லயே இருக்கா தாத்தா?" என்று கேட்டாள். "சாத்தனூர் கல்மரத்தை அப்பாவோடு போய்ப் பாரும்மா, 18 மீட்டர் நீளம்" என்றேன். இந்த செமஸ்டர் முடியட்டும், பிறகு முடிவு செய்கிறேன் என்றிருக்கிறாள்.

பிறகு அவள் அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அந்தக் கல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். "கல்லா? ஞாபகமில்ல சார். அடி வாங்குனது மட்டும் ஞாபகமிருக்கு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மாணவர்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கொண்டுவரும் கல்லைக் கையில் வாங்கிப் பாருங்கள். "எனக்கும் தெரியலப்பா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உங்கள் பழைய வாத்தியார்.