காட்டின் வரவு செலவு

ஒக்டோபர் மாதத்துக் காலைப்பொழுதொன்றில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 70 மைல் பயணஞ்செய்து, பீற்றர்ஷாம் என்னும் சிற்றூரை அடைந்தோம். ஹாவர்ட் பல்கலைக்கழகம் 1907ஆம் ஆண்டு முதல் பேணிவரும் ஆராய்ச்சிக் காடு அங்கேதான் உள்ளது. மேப்பிள் மரங்கள் குங்குமமெனச் சிவந்து நின்றன. ஓக் மரங்கள் செம்பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தன.

ஆயினும் எம்மை வியப்பிலாழ்த்தியவை மரங்களல்ல. அவற்றினூடே நீண்டுசென்ற கற்சுவர்களே. நடுக்காட்டில் மதில் எழுப்பியவர் யார்? உழவர்கள்! 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலத்தின் பெரும்பகுதி வயலாகவும் மேய்ச்சற்றரையாகவும் இருந்தது. மேற்கிலுள்ள வளமான நிலங்களையும் நகரத்து ஆலைகளையும் நாடி அவர்கள் சென்றபின், கைவிடப்பட்ட மண்ணிலே காடு தானாக முளைத்தது. 1938ஆம் ஆண்டுச் சூறாவளி அதிலும் பெரும்பங்கைச் சாய்த்தது. ஆகவே நாம் கண்டது முதிர்ந்த வனமன்று, வளரும் பிள்ளை.

மரமுடிகளுக்கு மேலாக 30 மீற்றர் உயரமான கோபுரமொன்று நிற்கின்றது. காற்று மேலெழுந்து கீழிறங்கும் ஒவ்வொரு கணமும் அது சுமந்துசெல்லும் காபனீரொட்சைட்டை அங்குள்ள கருவிகள் அளக்கின்றன. பகலில் இலைகள் ஒளித்தொகுப்பினால் அவ்வாயுவை உட்கொள்கின்றன. இரவிலோ மரமும் மண்ணும் அதனை வெளிவிடுகின்றன. இலையற்ற மாரியிலும், பனி மூடிய மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் உதிர்ந்த சருகை உண்டு மூச்சுவிட்டுக்கொண்டேயிருக்கின்றன.

இவ்வரவு செலவை ஸ்ரீவன் வொவ்சி முதலிய அறிஞர்கள் 1993இல் வெளியிட்டனர். ஓராண்டில் ஒரு ஹெக்டேயர் காடு உட்கொண்ட காபன் 11.1 தொன், வெளிவிட்டது 7.4 தொன், எஞ்சியது 3.7 தொன். மூன்றில் இரு பங்கு மூச்சோடு போய்விட, ஒரு பங்கே மரமாகவும் வேராகவும் மண்ணாகவும் தங்குகின்றது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் குடும்பத்தலைவி இக்கணக்கை நன்கறிவாள்.

அந்த மிச்சம் புதிய செல்வமென்று நாம் மகிழ்ந்துவிடலாகாது. முன்னோர் காட்டை அழித்தபோது வானில் கலந்த காபனையே இளங்காடு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மீட்கின்றது, அது பழங்கடன். நூறாண்டில் சேர்ந்ததை வெட்டி எரித்தால் சில நாள்களிலேயே அது புகையாகிவிடும். புதிய கன்று நடுவது நன்று. நிற்கும் மரத்தைக் காப்பது அதனினும் நன்று.

திரும்பும்போது சிவந்த இலையொன்று கற்சுவரின்மீது வீழ்ந்தது. அவ்வாண்டின் செலவுக் கணக்கு தொடங்கிவிட்டது.