கடைசி வாங்கில் இருந்து வந்த கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருந்தால் வாசியுங்கள்.

போன கிழமை மஃரிபுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. விமான எஞ்சின் ஒன்றுக்கு முன்னால் மஞ்சள் அங்கி போட்ட ஒரு இளைஞன். "சேர், என்ன நினைவிருக்கா? சைக்கிள் கடை" என்று கீழே எழுதியிருந்தான்.

எப்படி மறக்கிறது?

பதினான்கு வருஷத்துக்கு முந்தி, தரம் 11 விஞ்ஞான வகுப்பு. பற்சில்லுகளைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரத்தில் மாமாவின் சைக்கிள் கடையில் வேலை செய்கிற பிள்ளை இவன். கடைசி வாங்கில் இருந்து எழும்பி, "சேர், ஒண்டு மெதுவாச் சுத்தணும், மத்தது வேகமாச் சுத்தணும். ரெண்டும் ஒரே அச்சில இருந்தா என்ன செய்வாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ஓ.எல்லுக்கு வாறத மட்டும் கேளு. உனக்கு சைக்கிள் கடை போதும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் அவன் விஞ்ஞானத்தில் சித்தியடையவில்லை.

இப்போது வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறான். படத்தில் இருந்தது பிரேசில் நாட்டு எம்பிரேயர் கம்பனியின் இ195-இ2. குறுந்தூர, நடுத்தூரப் பயணங்களுக்கான ஜெட். 120 முதல் 146 பேர் வரை போகலாம். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு என்றுதான் ஆசனம், நடுவில் மாட்டிக்கொள்ள ஆளில்லை. படத்தோடு ஆறு நிமிஷக் குரல்பதிவும் வந்தது. அதில் என் கேள்விக்கு, இல்லை, அவனுடைய கேள்விக்குப் பதில் இருந்தது.

சாதாரண ஜெட் எஞ்சினில் முன்னால் இருக்கும் பெரிய விசிறியும் பின்னால் அதைச் சுழற்றும் டர்பைனும் ஒரே அச்சில்தான். டர்பைனுக்கு வேகம் வேண்டும். விசிறியைப் பெரிதாக்கி அதே வேகத்தில் சுழற்றினால் அதன் இதழ் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும். சத்தமும் கூடும், சக்தியும் வீணாகும். பிராட் அண்ட் விட்னி கம்பனி இரண்டுக்கும் நடுவில் பற்சில்லுப் பெட்டி ஒன்றை வைத்தது. டர்பைன் ஏறத்தாழ மூன்று சுற்றுச் சுற்றும்போது விசிறி ஒரு சுற்று. "நம்மட சைக்கிள் செயின்தான் சேர்" என்றான்.

விசிறி ஏன் பெரிதாக வேண்டும் என்பதை நானே அன்றிரவு கொப்பியில் போட்டுப் பார்த்தேன். கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளினாலும் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினாலும் ஒரே உந்தம் கிடைக்கும். ஆனால் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மெதுவாகத் தள்ளினால் எண்ணெய் மிச்சம். இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிற சூத்திரம்தான். பழைய இ195 எஞ்சினின் விசிறி சுமார் 135 சென்ரிமீற்றர் அகலம், இது 185. பெரிய எஞ்சின் நிலத்தில் முட்டாமல் இருக்க, இறக்கையைக் கடற்பறவையின் சிறகு போல வளைத்திருக்கிறார்கள். இறக்கையும் பழையதை விட நீளம். எல்லாம் சேர்ந்து ஓர் ஆசனத்துக்கு எரிபொருள் 25 வீதம் குறைவு என்று எம்பிரேயர் சொல்கிறது. விற்கிறவன் சொல்லும் கணக்கு என்பதையும் மனதில் வைத்துக்கொள்வோம்.

குறையும் உண்டு. 2023இல் இந்த வகை எஞ்சின்களின் சில உலோகத் தட்டுகளில் கலப்படம் இருப்பது தெரியவந்து, உலகெங்கும் பல விமானங்கள் பறக்காமல் நின்றன. "ஆனா பற்சில்லுல பிழை இல்ல சேர்" என்று அவன் அவசரமாகச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. தன்னுடைய பிள்ளைக்குப் பரிந்து பேசுகிற மாதிரி.

ஆறு நிமிஷத்தில் ஓர் இடத்திலும் அந்தப் பழைய நாளைப் பற்றி அவன் பேசவில்லை. நான்தான் அதைத் தேடித் தேடி மூன்று தரம் கேட்டேன்.

"மகன், அன்றைக்கு நான் சொன்னது பிழை" என்று எழுதி, அழித்து, திரும்ப எழுதி, நேற்று சுபஹுக்குப் பிறகு அனுப்பினேன். நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. அன்று அந்த வகுப்பில் சிரித்தவர்களில் பலர் இந்தப் பக்கத்திலும் இருக்கிறீர்கள். அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.