உதவித்தொகையும் தூரதேசப் பிரயாணமும்

உடற்குறை உற்றார்க்கு மாதந்தோறும் அளிக்கப்படும் பொருள் அவரைத் தாங்குதற்கோ, அன்றி ஓரிடத்தே கட்டி வைத்தற்கோ என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. தருமபுரியினின்று பென்னாகரம் செல்லும் வழியிலுள்ள இண்டூர் நாம் பிறந்த ஊர். வானம் பார்த்த நிலமே அங்கு மிகுதியாதலின், பிழைப்பின் பொருட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் போவோர் பலர். போவோரைக் குறித்துப் பேசுவார் உளர். போக அஞ்சி வீட்டிலே தங்கிவிடும் குறையுடையோரைப் பற்றிப் பேசுவார் அரியர். அவ்வாறு அஞ்சினவருள் இருவரைப் பற்றி இங்கே சில எழுதத் துணிந்தோம்.

ஒருவர் நம் பெரியப்பா. ஓசூரில் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கை விரல்கள் மூன்றை இழந்தவர். இ.எஸ்.ஐ. என்று யாவரும் வழங்கும் 1948-ஆம் வருடத்துத் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒரு கையில் மூன்று விரல் போயின், சம்பாதிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 30 பங்கு போயிற்று என மதிப்பிட்டது. விரலுக்கு விலை கூறும் அவ்வட்டவணையை வாசிக்குங்கால் நம் மனம் கூசிற்று. எனினும் அவ்விலையே அவர் வீட்டில் அடுப்பெரியச் செய்தது.

அவர் மகள் இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரிகின்றாள். தன் பேறுகாலத்துக்குத் தாய் தந்தையர் இருவரும் வந்து ஐந்து மாதம் தங்க வேண்டுமென்று அழைத்தாள். பெரியம்மா பெட்டி கட்டத் தொடங்கினார். பெரியப்பாவோ, "நான் கடல் தாண்டினால் பணம் நின்றுபோகும், நீ மட்டும் போய் வா" என்றார். திண்ணையில் இருந்தோரும் ஆமென்றனர்.

இவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று. காயம் ஆறாதிருந்த நாளில், மருத்துவர் உத்தரவின்றி ஊரை விட்டு அகலலாகாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னது மெய்யே, சட்டத்தின் 64-ஆம் பிரிவு அவ்வாறே விதித்திருந்தது. ஆயின் அவ்விதி தற்காலிக ஊனத்துக்கும் நோய்க்கும் உரியது. மருத்துவக் குழுவினர் சோதித்து, குறை நிரந்தரமென்று முடிவு செய்த பின் வரும் பணத்துக்கு அது பொருந்தாது. அப்பணம் ஆயுளளவும் வரும். வேறு வேலை செய்து ஊதியம் பெறினும் நில்லாது. உயிரோடிருக்கின்றார் என்னும் சான்றை உரிய காலத்தில் அளித்தல் வேண்டும், அவ்வளவே. அவரருகில் அமர்ந்து இவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினோம். சிறிது நேரம் மௌனமாயிருந்து, "விரல் போனது ஓசூரிலே, நான் எங்கே போனால் என்ன என்கிறாயா தம்பி?" என்று நகைத்தார். சட்டத்தின் உட்கருத்தை இதனினும் செவ்வனே உரைத்தல் நமக்கு இயலாது. சான்றைக் கொடுத்துவிட்டு அவரும் விமானம் ஏறினார்.

மேனாடுகளிலும் இவ்வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் உழைத்த காலத்தில் ஊதியத்திலிருந்து வரி செலுத்திப் பின் உடற்குறை உற்ற குடிமகன், பெரும்பாலான தேசங்களிலிருந்தும் தன் தொகையைப் பெறலாம். வறுமை காரணமாக உதவி பெறுவோனோ 30 நாள் தொடர்ந்து வெளிநாட்டில் இருப்பின் அதனை இழப்பான். திரும்பி வந்து மீண்டும் 30 நாள் தொடர்ந்து தங்கிய பின்னரே பெறுவான். இங்கிலாந்தில் உடற்குறையாளர்க்குரிய தொகை வருமானத்தைப் பாராமல் அளிக்கப்படுவது. ஆயினும் வெளிநாட்டுப் பிரயாணத்துக்குப் பொதுவாக 13 வாரமே வரம்பு, மருத்துவத்தின் பொருட்டாயின் 26 வாரம். நோயுற்றுப் போவார்க்கு இரட்டித்த காலம், பேரக்குழந்தையைக் காணப் போவார்க்கு அதிற் பாதி!

மற்றொருவர் அதே தெருவிலுள்ள ஒரு தமக்கையார். இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயதிலேயே ஒரு கால் சூம்பியவர். இந்தியாவில் அந்நோய் ஒழிந்ததென்று 2014 மார்ச்சில் சான்றளிக்கப்பட்டது. அதற்கு முன் பற்றப்பட்டவர்கள் இன்றும் நம் தெருக்களில் உளர். தமிழ்நாட்டு அரசு அளிக்கும் மாத உதவித்தொகையே அவர் கையில் புரளும் காசு. 2023 சனவரியில் அது 1,500 ரூபாயாக உயர்ந்தது. அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் பெங்களூரில் கட்டட வேலை செய்கின்றனர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள, "அக்கா, எங்களோடு வந்திரு" என்று மன்றாடுகின்றனர்.

அவருடைய அடையாள அட்டை தேச முழுதும் செல்லும். 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்த குடும்ப அட்டைத் திட்டத்தினால், மத்திய அரசின் அரிசிக்கு உரியோர் அதனைப் பிற மாகாணத்தும் வாங்கலாம். பணத்தையும் எந்த ஊர் வங்கியிலும் எடுக்கலாம். ஆயின் உதவித்தொகை தமிழ்நாட்டில் குடியிருப்பார்க்கே உரியது. விசாரணைக்கு வருவோர் வீடு பூட்டியிருக்கக் கண்டு 'ஊரில் இல்லை' என்று எழுதிவிட்டால் அது நிற்கும். கருநாடகத்தில் கேட்பின், அங்குக் குடியுரிமைச் சான்று வேண்டும். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, இவர்க்கு அளிக்கும் உதவி பிறர்க்கு அளிப்பதினும் நூற்றுக்கு 25 பங்கேனும் மிகுந்திருத்தல் வேண்டும் என்கின்றது. மாகாண எல்லையைத் தாண்டினால் யாது செய்வதென்று கூறவில்லை. விரல் கொடுத்துப் பெற்ற பணம் கடல் கடக்கின்றது. இல்லாமைக்காகத் தந்த பணம் ஓசூர்ச் சோதனைச் சாவடியைக் கடக்க அஞ்சுகின்றது.

"உங்கள் பெரியப்பா சீமைக்கே போய் வந்தாரே, நான் பெங்களூர் போக வழி இல்லையோ?" என்று அவர் நம்மை வினவினார். உள்ளதை உள்ளவாறே எடுத்துரைத்தோம். முழுதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே" என்று தாமே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். சென்ற ஆடி முதல் அவ்வாறே போய் வருகின்றார். போக்குவரத்துச் செலவுக்கு அவ்வுதவித்தொகையிலிருந்தே எடுக்கின்றார்.