கறை படிந்த வேட்டியும் கொஞ்சம் மாங்கனீஸும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம் இது. நடுவுல கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், பயந்து ஓடிடாதீங்க மக்களே. நானும் பொட்டி தட்டுற ஆசாமிதான் :-)

2019 கோடையில சென்னை தண்ணிக்கு அல்லாடினது ஞாபகம் இருக்கும். நான் அப்போ காலேஜ்ல இருந்தேன். புறநகர்ல இருக்கற எங்க வீட்டு போர் வத்திப் போச்சு. அப்பா கடன் வாங்கி இன்னும் ஆழமா ஒண்ணு போட்டார். தண்ணி கண்ணாடி மாதிரி வந்தது. ஆனா ரெண்டே மாசத்துல அவரோட வெள்ளை வேட்டியெல்லாம் பழுப்பும் கறுப்புமா திட்டுத் திட்டா ஆக ஆரம்பிச்சது.

பழி யார் மேல விழும்? துணி துவைக்க வந்துட்டிருந்த அக்கா மேலதான். "கல்லைக் கழுவாம துவைக்கறா" என்றார் அம்மா. ப்ளீச்சிங் பவுடர் வாங்கிக் கொடுத்து நல்லா போடச் சொன்னார். கறை இன்னும் கறுத்தது. அந்த அக்கா எலுமிச்சம்பழத் தோலை எடுத்துத் தேய்ச்சாங்க. "பழத்தை வேற வீணாக்கறியா?"ன்னு அதுக்கும் திட்டு. கடைசியில ஒரு புது வேட்டி பாழானதுக்கு சம்பளத்துல 400 ரூபாய் பிடிச்சாச்சு. அடுத்த மாசம் அவங்க வரலை. இவ்வளவும் நடக்கும்போது நான் ஹால்ல உக்காந்து மொபைல் நோண்டிட்டு இருந்தேன்.

போன வருஷம் எங்க அக்கா கைக்குழந்தையோட வந்தா. புட்டிப்பால் கரைக்கணுமே, எதுக்கும் இருக்கட்டும்னு போர் தண்ணியை டெஸ்டுக்குக் கொடுத்தேன். ரிப்போர்ட்ல ஒரு வரி மட்டும் தடிச்ச எழுத்துல இருந்தது. மாங்கனீஸ், லிட்டருக்கு 0.64 மில்லிகிராம். இந்திய தரநிலைப்படி 0.1 வரைக்கும் சரி, வேற தண்ணிக்கு வழியே இல்லேன்னா 0.3. உலக சுகாதார நிறுவனம் 2022-ல வெளியிட்ட பதிப்புல, புட்டிப்பால் குடிக்கற குழந்தைகளை மனசுல வச்சு, தற்காலிக அளவா 0.08-னு வச்சிருக்காங்க. கொதிக்க வச்சாலும் மாங்கனீஸ் போகாது. அன்னிக்கே குழந்தைக்கு அந்தத் தண்ணியை நிறுத்தினோம்.

அது எங்கேர்ந்து வந்ததுன்னு தேடப் போய்த்தான் மாட்டிக்கிட்டேன்.

ப்ளஸ் டூ லேப்ல பர்மாங்கனேட் டைட்ரேஷன் பண்ணியிருப்பீங்க. சூடான ஆக்ஸாலிக் அமிலத்துல ஊதாச் சொட்டு விழுந்ததும் நிறம் காணாமப் போகும். மாங்கனீஸ் எலக்ட்ரானைப் பிடுங்கிக்குது, கரிமப் பொருள் இழக்குது. அவ்வளவுதான் விஷயம். மண்ணுக்குள்ளயும் இதே கதைதான் ஓடிட்டிருக்கு. அங்கே பர்மாங்கனேட்டுக்கு பதிலா கறுப்பு மாங்கனீஸ் ஆக்ஸைடு. அதுல ஒரு வகைக்கு பர்னஸைட்னு பேர். ஸ்காட்லாந்துல இருக்கற பர்னஸ்ங்கற ஊர்ல கண்டுபிடிச்சு 1956-ல வச்ச பேர்.

மாங்கனீஸை ஒரு ஷேர் ஆட்டோன்னு வச்சுக்கோங்க. காலி ஆட்டோதான் அந்தக் கறுப்பு ஆக்ஸைடு. தண்ணியில கரையாது. மட்குன இலை, வேர் இதுங்ககிட்டேர்ந்து எலக்ட்ரான் பயணிகளை ஏத்திக்கிட்டா நிறமே இல்லாம தண்ணியில கரைஞ்சுடும். ஆக்ஸிஜன் இருக்கற இடத்துக்கு வந்ததும், பல நேரம் பாக்டீரியா உதவியோட, பயணிகளை இறக்கி விட்டுட்டு மறுபடி கறுப்பாயிடும். அதே ஆட்டோ எத்தனை டிரிப் வேணும்னாலும் அடிக்கும். பாதி நிரம்பின ஆட்டோவும் உண்டு. மரத்தை மட்க வைக்கற சில பூஞ்சைகள் லிக்னினை உடைக்க அதைத்தான் பயன்படுத்துது. ஆரிகன் காட்டுல 7 வருஷம் மட்கின ஊசியிலைச் சருகைப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2015-ல வந்தது. சருகு மட்கறதே இந்த மாங்கனீஸ் சுழற்சியை நம்பித்தான் இருக்குன்னு சொன்னது.

இதுல எனக்குப் பிடிச்ச முரண் ஒண்ணு இருக்கு. மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கற பெரிய பெரிய ஹியூமிக் மூலக்கூறுகளை மாங்கனீஸ் ஆக்ஸைடு சின்னச் சின்னதா உடைச்சு, பாக்டீரியா சாப்பிடற பைருவேட் மாதிரி பொருளாக்குதுன்னு 1994-ல சன்டா, கீபர்னு ரெண்டு பேர் காட்டினாங்க. ஆனா 1982-லயே ஷிண்டோவும் ஹுவாங்கும் நேர் எதிரா, இதே ஆக்ஸைடு சின்ன ஃபீனால்களைக் கோத்து ஹியூமிக் பொருளை உருவாக்கும்னு காட்டியிருந்தாங்க. 2023-ல இங்கிலாந்து லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு இன்னொண்ணு சொன்னது. கடலடியில சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து சிக்கலான பொருளா மாற இரும்பும் மாங்கனீஸும் உதவுதாம், அதனால கார்பன் சீக்கிரம் சிதையாம தங்கிடுதாம். தோசை முறுகும்போது நடக்கற அதே மெய்லார்டு வினைதான்! உடைக்கறதும் அதே ஆள், கட்டறதும் அதே ஆள்.

எங்க தெரு ஒரு காலத்துல ஏரியோட ஓரம்னு அப்பா சொல்வார். புதைஞ்ச தாவரமெல்லாம் காத்தில்லாம மட்கி, நுண்ணுயிர்கள் புண்ணியத்துல மாங்கனீஸ் கரைஞ்சு, ஆழ்துளை வழியா எங்க பக்கெட்டுக்கு வந்திருக்கணும். ப்ளீச்சிங் பவுடர் எலக்ட்ரானைப் பிடுங்கி, அதைத் துணி நூல்லயே கறுப்பா உக்கார வச்சிருக்கு. கறையைப் போட்டது நாங்க வாங்கிக் கொடுத்த பவுடர்தான்.

அப்போ எலுமிச்சம்பழம்? பழைய வேட்டி ஒண்ணு பரண்ல கிடந்தது. வைட்டமின் சி மாத்திரையைப் பொடிச்சு தண்ணியில கரைச்சு கறை மேல ஊத்தினேன். கண்ணு முன்னாடியே கறை கரைஞ்சு போச்சு. ஆட்டோவுல ஆளேத்தியாச்சு, கிளம்பிடுச்சு. எலுமிச்சையில இருக்கறதும் இதே வைட்டமின் சி, கூடவே சிட்ரிக் அமிலம். நாலு வருஷ இன்ஜினியரிங்கை விட அந்தத் தோலுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரத்துணியைத் தடவிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. சாயங்காலம், "அவ இப்ப எங்க வேலை செய்யறான்னு தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டார்.

ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல இருந்தாங்க. அம்மாதான் பேசினார், நான் பின்னால நின்னேன். 500 ரூபாய் கொடுத்தார். அந்த அக்கா வாங்கி, 100 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துட்டு என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "எலுமிச்சை போட்டா போவும்னு அன்னிக்கே சொன்னேனே தம்பி. நீயும் அங்கதான உக்காந்திருந்த?"

ஆமாங்க, அங்கேதான் உக்காந்திருந்தேன்.