உபதேசியாரும் கிராணியும்

சுங்காய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் நம் தாயைப் பெற்ற பாட்டனார் வேலை பார்த்த காலத்தில் அங்கே பால்மரம் நின்றது. இன்று நிற்பது செம்பனை. அக்காலத்துப் பொருளாய் நம்மிடம் எஞ்சியிருப்பது அவருடைய தகரப்பெட்டி ஒன்றே. சென்ற மாதம் அதனைத் திறந்தபோது, கரையான் அரித்த ஜபப் புத்தகங்களின் அடியில், அட்டையிழந்த நூலொன்று அகப்பட்டது. வீரமாமுனிவர் 1727-ல் எழுதிய "வேதியர் ஒழுக்கம்" அது.

பெயரைக் கண்டதும் பார்ப்பனரைப் பற்றிய நூல் போலும் என்று ஒரு கணம் முகஞ்சுளித்தோம். நேயர்களும் சுளிக்கக்கூடும். கத்தோலிக்கர் அந்நாளில் தம் மதத்தை வேதம் என்றனர். அதனைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் உபதேசியாரே இங்கு வேதியர். ஊர்கள் பல, குருமாரோ சிலர். குருவானவர் வாராத நாளெல்லாம் ஜபம் சொல்லுவதும், பிள்ளைகளுக்குப் போதிப்பதும், சாகக் கிடப்போர் அருகில் இருப்பதும் உபதேசியார் கடமை. நம் பாட்டனாரும் காலையில் பால்மரம் சீவி, மாலையில் தோட்டத்துச் சிறு கோயிலில் ஜபம் சொன்னவர்.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம் அந்நூலை எழுத்துக் கூட்டியே வாசித்தோம். இத்தாலியில் 1680-ல் பிறந்த ஒருவருடைய தமிழை, தமிழ்த் தாயின் வயிற்றில் பிறந்த நாம் தட்டுத் தடுமாறி வாசித்தது வெட்கமே. ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் தந்து, குறிலையும் நெடிலையும் கண்ணாற் பிரித்தறியச் செய்தவர் அவர். மூடக் குருவொருவரையும் அவர்தம் சீடரையும் நாம் இன்றும் நகைக்கும்படி "பரமார்த்த குரு கதை" எழுதியவரும் அவரே. அந்நகைப்பின் மறுபுறம் இந்நூல். பிறரைத் திருத்தப் புறப்படுவோன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை அவர் பாமரர்க்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு மேலே நிற்போர்க்குச் சொல்லுகிறார்.

நிற்க. முனிவர் இயேசு சபையினர். அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் "ஆன்மப் பயிற்சிகள்" 1548-ல் அச்சேறியது. அதில் ஒரு வழி கூறப்பட்டுள்ளது. ஒரு குற்றத்தை விட்டொழிக்க விரும்புவோன், நாளொன்றுக்கு இரண்டு கோடுகளாக வாரம் முழுமைக்கும் கோடுகள் கிழித்துக்கொள்ள வேண்டும். நண்பகலுக்குப் பின்னும் இரவிலும் தன்னைத் தானே விசாரித்து, எத்தனை முறை தவறினானோ அத்தனை புள்ளிகளை அக்கோடுகளில் இடவேண்டும். இன்றைய புள்ளிகளை நேற்றையவற்றோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

இதனை அறிந்தபோது செக்ரோல் எழுதும் நமக்குச் சிரிப்பு வந்தது, பின் நின்றது. நம் செக்ரோலில் பிறர் வராத நாளும் பிறர் குறைத்த வேலையுமே பதிவாகும். கிராணியின் தவற்றுக்கு அதில் கட்டமில்லை.

உதிர்ந்த பழம் பொறுக்கும் மூதாட்டி ஒருத்தி இரண்டு மாதங்களுக்கு முன் நம் முன் வந்து, "ஐந்து மூட்டை போட்டேனுங்க ஐயா, நாலுதான் கூலியில் இருக்கு" என்றாள். நாம் பேரேட்டைத் திருப்பி, ஆங்கிலத்தில் எழுதியிருந்த கணக்கை அவள் கண்முன் நீட்டினோம். வாசிக்கத் தெரியாதவளிடம் அதைவிட வலிய வாதம் வேறில்லை. அவள் போய்விட்டாள். மறுவாரம் லாரிச் சீட்டுகளை ஒத்துப் பார்க்கையில், ஒரு கோடு இட மறந்தவர் நாமே என்று கண்டோம். மாதக் கணக்கு முடிந்துவிட்டது, ஒரு மூட்டைதானே என்று சீட்டுகளைக் கட்டி வைத்தோம்.

பெட்டியைத் திறந்த மறுநாள், பிழை நம்முடையது என்று மானேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினோம். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒப்புதலும் கிடைத்து, இம்மாதக் கூலியில் அத்தொகை சேர்ந்தது. அதனைத் தமிழில் அவளிடம் சொல்ல மூன்று நாட்களாயின. பிரட்டு கலைந்தபின் அருகிற் சென்று, "ஆயா, அன்றைக்கு நீங்கள் சொன்னதே சரி, தப்பு என்னுடையது" என்றோம்.

அவள் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லி, சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.