நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு

காலை ஐந்தரை மணிக்கு வவுனியா பஸ் நிலையத்தில் அக்கா எனக்கு முன்பே வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் தண்ணீர்ப் போத்தல், பாணும் சம்பலும் சுற்றிய பொதி, கூடவே வங்கிப் புத்தகம். "புத்தகம் எதுக்கு அக்கா?" என்று கேட்டேன். "தனிப் பொம்பிளையெண்டால் காசு இருக்கெண்டு காட்டாமல் ஒருத்தரும் கதைக்க மாட்டினம், பிள்ளை" என்றார்.

அக்காவுக்கு வயது அறுபது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர். 1997இல் கணவரை இழந்தார். பிள்ளைகள் இல்லை. வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதி, வாடகை வீடுகளிலேயே இத்தனை வருடங்களையும் கழித்தார். ஊரில் இருந்த சீதனக் காணியைத் தங்கையின் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார். வேலையில் இருந்து நின்றபோது மாத ஓய்வூதியம் எதுவும் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும், சீட்டுப் பிடித்துச் சேர்த்ததுமாகக் கையில் இருந்தது 28 இலட்சம் ரூபா.

அந்தக் காசைத் தம்பியின் மகன் கேட்டிருந்தார். மேல்மாடி கட்டப் போவதாகவும், அதில் ஓர் அறை அக்காவுக்கு என்றும் சொன்னார். கெட்ட பிள்ளை அல்ல. ஆனாலும் அக்கா தயங்கினார். "முப்பது வருசமா மற்றவையின்ர வீட்டிலை இருக்கிறன். இனியும் லைற்றைப் போடட்டோ எண்டு கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது" என்றார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் வீடு என்பது குடும்பம் வாழும் இடம் என்றே குறிப்பெழுதியிருக்கிறேன். தனித்து முதுமையடையும் பெண் அந்தக் குறிப்பில் எங்கும் வரவில்லை.

யாழ்ப்பாண நகரத்து விலை எமக்கு எட்டாது. ஆகவே சிறு பட்டினங்களைப் பார்ப்பது என்று முடிவு செய்து, புறப்படுமுன் ஒரு கொப்பியில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டோம். உறுதி யாருடைய பெயரில்? கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா? வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம்? மலசலகூடம் எங்கே? கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யார் இருக்கிறார்கள்?

முதலில் இறங்கியது கிளிநொச்சியில். 2009இல் ஆளில்லாமல் கிடந்த பட்டினம் இன்று ஏ9 வீதியின் இருபுறமும் கடைகளும் வங்கிகளுமாக நிறைந்திருக்கிறது. மாவட்டப் பொது வைத்தியசாலையும் இருக்கிறது. எமக்குச் சொல்லப்பட்ட வீடு பிரதான வீதியில் இருந்து ஏழு கிலோமீற்றர் உள்ளே. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் கட்டப்பட்டது. இரண்டு அறை, குசினி, முற்றத்தில் தென்னை. விலையோ எமது கைக்குள் அடங்கியது. அக்காவின் முகம் மலர்ந்ததைக் கண்டேன்.

கொப்பியைத் திறந்து முதலாவது கேள்வியைக் கேட்டோம். காணிக்கு உறுதி இல்லை, அனுமதிப்பத்திரம்தான் இருந்தது. "நான் எழுதித் தாறன், ஆரும் கேக்க மாட்டினம்" என்றார் உரிமையாளர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட இத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. வெறும் கடதாசியில் எழுதி வாங்கினால் காசும் போகும், வீடும் நிற்காது. அதைவிட, மாதாந்தக் கிளினிக்குக்குப் போய்வரப் பதினான்கு கிலோமீற்றர் ஓட்டோ பிடிக்க வேண்டும். திரும்பும் வழியில் அக்கா விரல்விட்டு எண்ணினார். கிளினிக், சந்தை, வங்கி என்று மாதம் நாலைந்து தடவை ஓட்டோ. "மலிவு வீடெண்டு பார்த்தால் ஓட்டோக்காரனுக்கு வாடகை குடுக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

ஆனையிறவைக் கடந்து அன்றிரவு யாழ்ப்பாணத்தில் என் சிநேகிதி வீட்டில் தங்கினோம். மறுநாள் பருத்தித்துறை பஸ்ஸில் நெல்லியடிக்குப் போனோம். அச்சுவேலி தாண்டியதும் வல்லைவெளிக் காற்று யன்னலால் அடித்தது. கலியாணமான புதிதில் சைக்கிள் பாரில் இருந்து இந்த வெளியைக் கடந்ததாக அக்கா சொன்னார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

நெல்லியடி எமது கொப்பிக்குப் பொருத்தமான ஊர். சந்தை, வங்கி, பஸ் எல்லாம் ஒரே சந்தியில் இருக்கின்றன. மந்திகை ஆதார வைத்தியசாலையும் பக்கத்தில். ஆனால் சந்தியை ஒட்டிய வீடுகளின் விலையைக் கேட்டதும் வங்கிப் புத்தகத்தை அக்கா பையை விட்டு எடுக்கவே இல்லை. சற்று உள்ளே ஒரு பழைய நாற்சார் வீட்டின் பாதியைத் தருவதாகச் சொன்னார்கள். அது நான்கு சகோதரருக்குப் பொதுவான முதுசக் காணி. இருவர் வெளிநாட்டில். தேசவழமைப்படி பங்குக் காணியை வெளியாருக்கு விற்கும்போது மற்றப் பங்காளருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் வாங்கினால் நாளை வழக்குத்தான். மலசலகூடமும் கிணற்றடியைத் தாண்டி வளவின் கடைசியில் இருந்தது. "இரவிலை எழும்பினால் சுவரைப் பிடிச்சுக்கொண்டு போற தூரமாய் இருக்கவேணும்" என்று அக்கா திரும்பி நடந்தார்.

வரும் வழியில் சாவகச்சேரியில் இறங்கியபோது இருவருக்கும் களைப்பு. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தரைமட்டமான பட்டினம் இது. இன்று மாம்பழமும் பலாப்பழமும் குவிந்த சந்தை, ஆதார வைத்தியசாலை, புகையிரத நிலையம் என எல்லாம் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன. தெரிந்த ஒருவர் மூலம் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் சிறிய வீட்டைப் பார்த்தோம். சந்தைக்குப் பத்து நிமிட நடை. மலசலகூடம் வீட்டோடு சேர்ந்தது. வேலிக்கு அப்பால் தையல் தைக்கும் ஒரு குடும்பம். தென்மராட்சியில் சில இடங்களில் கிணறு உவர்த்தன்மை கொண்டது. நாங்கள் போனது மழைக்கு முந்திய ஆவணி மாதம் என்பதால் உண்மை தெரிந்தது. அக்கா ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, தலையை ஆட்டினார்.

ஆனால் விலை 28 இலட்சத்தைத் தாண்டியது. அக்கா விறாந்தைக் கட்டில் இருந்துவிட்டார். அப்போதுதான் ரீச்சர், தான் கணவரோடு கனடாவில் இருக்கும் மகளிடம் போவதாகவும், வீடு பூட்டிக் கிடப்பதில் விருப்பமில்லை என்றும் சொல்லி, "ஒற்றிக்கு எடுக்கிறீங்களோ?" என்று கேட்டார்.

ஒற்றி எமக்குப் புதிதல்ல. பதினைந்து இலட்சம் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு வாடகை இல்லை. தவணை முடிவில் முதல் திரும்பி வரும். மிகுதிக் காசை வங்கியில் நிரந்தர வைப்பில் இட்டு, மாத வட்டியில் சீவிக்கலாம். குறையும் உண்டு. 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். மூன்று வருடம் கழித்து வரும் பதினைந்து இலட்சத்துக்கு இன்றைய பெறுமதி இராது. அதையும் அக்காவுக்குச் சொன்னேன். இரவு முழுவதும் யோசித்துச் சம்மதித்தார்.

வாய்ப்பேச்சில் விடாமல் நொத்தாரிசு முன்னிலையில் ஒற்றி உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிவும் செய்தோம். ரீச்சரோடு அவருடைய கணவரும் கையெழுத்திட்டார். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியையும் கணவரின் எழுத்துச் சம்மதத்தோடுதான் விற்கவோ ஈடுவைக்கவோ முடியும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வைத்த விதியை நொத்தாரிசு விளக்கினார். கணவர் எங்கே என்று தெரியாத பெண்கள் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். காணாமற்போனவர்களின் மனைவியர் இதை அறிந்திருப்பது நல்லது. காணி விடயமாக எதைச் செய்யுமுன்னும் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

வாசகியரே, எம்மில் பலர் சேர்த்த காசை முதுமையில் உறவுகளின் கையில் கொடுத்துவிட்டு ஓர் அறைக்காகக் காத்திருக்கிறோம். உறவைப் பகைக்கச் சொல்லவில்லை. காணியைப் பிள்ளைகளுக்கோ பெறாமக்களுக்கோ எழுதுவதானாலும் சீவிய உரித்தை உங்களுக்கு வைத்து எழுதுங்கள். கட்டடத்துக்குக் காசு கொடுப்பதானால் அதையும் எழுத்தில் வையுங்கள். அன்பு இருக்கும் இடத்தில் எழுத்து இருந்தால் அன்பு குறையாது.

மூன்று மாதம் கழித்துப் போனேன். படலையில் கைவைக்க முன்பே வேலிக்கு அப்பால் இருந்து, "அக்கா சந்தைக்குப் போட்டா, இப்ப வந்திடுவா" என்று ஒரு குரல். காத்திருந்தேன். அக்கா கத்தரிக்காய்ப் பையோடு நடந்து வந்தார். இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தவர், "தம்பியின்ர மகன் போன கிழமை வந்து ரெண்டு நாள் நிண்டவன், பிள்ளை. என்ர வீட்டிலை" என்றார்.